ஷெர்லி: ஊரா, ஆணா, பெண்ணா, பாட்டா?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்க வருகிறவர்களுக்கும் வசதியாக இருக்கும். உங்கள் பெயர் ஷெர்லி. பெயர்களுக்குப் பொருள் சொல்லும் ஏதோ ஒரு தளத்தில் “பிரகாசமான புல்வெளி” என்று போட்டிருக்கிறது. சபையில் ஒரு அக்கா, “அது எபிரேயப் பேரு, ‘என் பாட்டு’ன்னு அர்த்தம்” என்கிறார். கொழும்பிலிருந்து கல்யாணத்துக்கு வந்த ஒரு பெரியவரோ, “ஷேர்லி எண்டால் எங்கட பக்கம் ஆம்பிளைப் பேர் எல்லோ” என்று சிரித்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த மூன்றில் எது உண்மை, பிறக்கப்போகிற மகளுக்கு இதையே இரண்டாவது பெயராகச் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். பொருள் என்ன என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனாலும் அடியில் கிடப்பது வேறொரு கேள்வி என்று எனக்குப் படுகிறது. திருநெல்வேலிப் பக்கத்து ஒரு வீட்டுக்கு இப்படியொரு பெயர் எந்த வழியாக வந்து சேர்ந்தது, வழியில் யார் யார் கையில் இருந்தது என்பது. அதற்கு ஓரளவு பதில் சொல்ல முடியும்.

நான் ஒரு கல்லூரியில் ஆங்கில மொழி வரலாறு என்ற தாளை இருபது வருடத்துக்கு மேல் நடத்தியவன். பிள்ளைகளுக்குக் கொஞ்சமும் பிடிக்காத தாள் அது. தூங்குகிறவர்களை எழுப்புவதற்காக வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் இருக்கிற ஸ்டான்லி, வெஸ்லி, பெவர்லி, ஆஷ்லி எல்லாம் எங்கிருந்து வந்தவை என்று கதை சொல்வேன். அநேகமாக எல்லா வருடமும் ஒரு ஷெர்லியாவது இருந்துவிடுவாள், ஒரு வருடம் மூன்று பேர். அதனால் உங்கள் பெயருக்கான விடை எனக்கு மனப்பாடம்.

முதலில் உறுதியானது. ஷெர்லி இங்கிலாந்தின் ஊர்ப்பெயர். ஊர்ப்பெயர் குடும்பப் பெயராயிற்று, குடும்பப் பெயர் ஆண்களுக்கு வைக்கும் பெயராயிற்று, பிறகு பெண்களுக்குப் போயிற்று. இந்த வரிசையில் சந்தேகமே இல்லை. ஆகவே கொழும்புப் பெரியவர் சொன்னது சரி, பெயர்த் தளம் சொன்னது பாதி சரி, அக்கா சொன்னது வேறொரு பெயரின் பொருள். இனி ஒவ்வொன்றாக.

ஷெர்லி என்ற பெயரில் இங்கிலாந்தில் பல ஊர்கள் உண்டு. டார்பிஷயரில் ஒரு சின்னக் கிராமம், சவுத்தாம்ப்டன் நகரத்துக்குள் ஒரு பகுதி, லண்டனுக்குத் தெற்கே குராய்டனில் ஒன்று, பர்மிங்காமுக்குப் பக்கத்தில் சொலிஹல்லில் ஒன்று. எல்லாமே பழைய ஆங்கிலத்தின் இரண்டு சொற்கள் சேர்ந்து உண்டானவை. பின்பாதி ‘லேயா’ மாதிரி ஒலித்த ஒரு சொல், அதுதான் தேய்ந்து இன்றைய ‘லி’. ஸ்டான்லியில் இருப்பது, பிராட்லியில் இருப்பது, வெஸ்லியில் இருப்பது எல்லாம் அதே ‘லி’தான். கல் நிறைந்த லி ஸ்டான்லி, அகலமான லி பிராட்லி, மேற்குப் பக்கத்து லி வெஸ்லி, ஆஷ் மரம் நிற்கிற லி ஆஷ்லி. எச்சரிக்கையாகவும் இருக்க வேண்டும். பெவர்லியைப் பார்த்து அதுவும் இந்தக் கூட்டம் என்று நினைத்துவிடுவோம், அதன் வால் பெரும்பாலும் ஓடையைக் குறிக்கும் வேறொரு சொல் என்பதே ஆய்வாளர்கள் முடிவு, நீர்நாய் போன்ற பீவர் என்ற பிராணி இருந்த ஓடை. லெஸ்லி ஸ்காட்லாந்துப் பெயர், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அந்த ‘லி’க்குப் பொருள் புல்வெளி என்று தளங்கள் போடுவது பின்னால் வந்த அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு. ஆரம்பத்தில் அது காட்டையே, அதிலும் அடர்த்தி குறைந்த காட்டைக் குறித்தது. பிறகு காட்டில் மரம் வெட்டித் திறந்த இடம், அதில் ஆடுமாடு மேய ஆரம்பித்த பிறகுதான் மேய்ச்சல் நிலம், புல்வெளி எல்லாம். இந்தச் சொல்லின் உறவுகளைப் பார்த்தால் இன்னும் ரசமாக இருக்கும். லத்தீனில் தோப்பு என்ற பொருளில் ‘லூகுஸ்’, லித்துவேனிய மொழியில் வயல் என்ற பொருளில் ‘லவ்கஸ்’, சமஸ்கிருதத்தில் நமக்கு நன்றாகத் தெரிந்த ‘லோக’. ஆமாம், பரலோகத்தில் இருக்கிற லோகம்தான். சமஸ்கிருதத்தில் அதன் பழைய பொருள் திறந்த வெளி, இடம் என்பது, உலகம் பிறகு வந்தது. எல்லாவற்றுக்கும் வேர் ஒளி என்ற பொருள் கொண்ட ஓர் அடிச்சொல். மரம் விலகினால் வெளிச்சம் விழும், வெளிச்சம் விழுகிற இடம் வெளி. இதைத் தமிழனுக்கு விளக்கத் தேவையே இல்லை, நம்மிடமே வெளியும் வெளிச்சமும் ஒரே குடும்பத்துச் சொற்கள்தானே. சென்னை மந்தைவெளியை ஆங்கிலேயன் தன் பழைய மொழியில் பெயர்த்திருந்தால் ஏதோ ஒரு ‘லி’யில்தான் முடித்திருப்பான்.

முன்பாதியில்தான் சிக்கல். பழைய ஆங்கிலத்தில் ‘ஷீர்’ என்று ஒலித்த சொற்கள் இரண்டு. ஒன்றுக்குப் பிரகாசமான, தெளிந்த என்று பொருள். மற்றது நிர்வாகப் பிரிவு, அதாவது இன்று யார்க்ஷயர், டார்பிஷயர் என்பதில் இருக்கிற ‘ஷயர்’. ஷெரீப் என்கிறோமே, சென்னையில்கூட ஒரு காலத்தில் கௌரவப் பதவியாக இருந்ததே, அதன் முதல் பாதியும் இதே ‘ஷயர்’தான், ஷயரின் அதிகாரி. ஆக ஷெர்லி என்பது ‘வெளிச்சமான வெளி’யாகவும் இருக்கலாம், ‘ஷயருக்குச் சொந்தமான காடு’ அல்லது ‘ஷயரின் சபை கூடும் திறந்த இடம்’ என்றும் இருக்கலாம். ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் இரண்டையும் வைத்திருக்கிறார்கள். முதல் விளக்கத்துக்கு ஆதரவு அதிகம், எனக்கும் அதுவே சம்மதம். ஆனால் இரண்டு ஷயர்களின் எல்லையை ஒட்டிய ஓர் ஊர் என்றால் இரண்டாவதைத் தள்ளிவிட முடியாது. எல்லா ஷெர்லிகளுக்கும் ஒரே விளக்கம் இருந்தாக வேண்டும் என்றும் இல்லை, ஒரே ஒலியில் வெவ்வேறு இடத்தில் தனித்தனியாகப் பிறந்த பெயர்கள் இவை. பெயர்த் தளம் இதில் ஒரு சொல்லைக்கூடச் சொல்லாமல் “பிரகாசமான புல்வெளி” என்று மூன்று நட்சத்திரம் போட்டு முடித்துவிடும்.

1086இல் வில்லியம் அரசன் இங்கிலாந்து முழுக்க நிலக்கணக்கு எடுத்தான், டூம்ஸ்டே ஏடு என்பார்கள். அதிலேயே ஷெர்லி வந்துவிட்டது, ஆனால் எழுத்துக்கூட்டு ஏறக்குறைய ‘சிரெலெய்’. காரணம் வேடிக்கை. எழுதியவர்கள் வில்லியமோடு பிரான்ஸ் பக்கத்திலிருந்து வந்த நார்மன் எழுத்தர்கள், அவர்களுக்கு ‘ஷ’ ஒலி வசப்படவில்லை, காதில் விழுந்ததை ‘ச’ என்று எழுதிவிட்டார்கள். என் மாணவி ஒருத்தியின் பள்ளிச் சான்றிதழில் ‘செர்லி’ என்று எழுதி, அதைத் திருத்த அவள் அப்பா அலையாய் அலைந்தார். அந்தப் பெண்ணிடம் நான் சொன்னேன், உன் பள்ளி எழுத்தர் தொள்ளாயிரம் வருடப் பாரம்பரியத்தைக் காப்பாற்றியிருக்கிறார் என்று. அவள் சிரிக்கவில்லை.

குடும்பப் பெயராக ஆன கதைக்கு வருவோம். வார்விக்ஷயரில் எட்டிங்டன் என்ற ஊரில் டூம்ஸ்டே காலத்திலேயே நிலம் வைத்திருந்த ஒரு குடும்பம், பிறகு டார்பிஷயர் ஷெர்லியின் பெயரைத் தன் பெயராக எடுத்துக்கொண்டது. டூம்ஸ்டே காலத்திலிருந்து நிலத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற மிகச் சில குடும்பங்களில் இது ஒன்று. இதிலிருந்து 1711இல் ஃபெரர்ஸ் பிரபு என்ற பட்டம் வந்தது. இந்த வம்சத்தின் நான்காவது பிரபு லாரன்ஸ் ஷெர்லி தன் காரியஸ்தரைச் சுட்டுக் கொன்றதற்காக 1760 மே 5ஆம் தேதி லண்டனின் தூக்குமேடை இடமான டைபர்னில் தூக்கிலிடப்பட்டார். இங்கிலாந்தில் கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலேறிய கடைசிப் பிரபு அவர்தான். பட்டுக் கயிற்றில் தொங்கவிட்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள், கதை என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே குடும்பத்தில் அவருடைய பெரியப்பா மகள் ஒருவர் உண்டு. மெதடிஸ்ட் எழுப்புதலுக்குத் தன் சொத்தைக் கொட்டிக் கொடுத்து, தன் பெயராலேயே ஒரு சபைப் பிரிவு உண்டாகக் காரணமாக இருந்த ஹண்டிங்டன் சீமாட்டி. 1707இல் பிறந்தபோது அவர் பெயர் செலினா ஷெர்லி. செலினா ஷெர்லி! பாளையங்கோட்டையில் எந்தப் பெண்கள் பள்ளி வருகைப் பதிவேட்டிலும் இருக்கக்கூடிய பெயர். ஆனால் அவருக்கு செலினாதான் பெயர், ஷெர்லி வீட்டுப்பெயர்.

செலினாவின் அப்பா பெயரைக் கேட்டால் உங்கள் கேள்வியின் நடு முடிச்சு அவிழ்ந்துவிடும். அவர் வாஷிங்டன் ஷெர்லி, இரண்டாவது ஃபெரர்ஸ் பிரபு, 1677இல் பிறந்தவர். அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்ததே 1732இல் என்பதால் அவர் நினைவாக வைத்திருக்க வழியில்லை. அம்மா எலிசபெத் வாஷிங்டன். அவ்வளவுதான், அம்மா வீட்டுக் குடும்பப் பெயரைத் தூக்கிப் பையனுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். இங்கிலாந்தின் மேட்டுக்குடியில் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து வளர்ந்த பழக்கம் இது. ஒன்பது நாள் ராணி என்கிறார்களே, ஜேன் கிரே, அவருடைய கணவர் பெயர் கில்ஃபர்ட் டட்லி. அம்மா பிறந்த வீடு கில்ஃபர்ட் குடும்பம். 1554இல் இருவரையும் தலை வெட்டிக் கொன்றார்கள், பெயர் வைக்கிற பழக்கம் பிழைத்துக்கொண்டது. வில்லியம் கேம்டன் என்ற வரலாற்றாசிரியர் 1605இலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார், கிறிஸ்தவ நாடுகளில் வேறெங்கும் இல்லாத பழக்கம் என்று. பெண் கட்டிக்கொடுத்த வீட்டின் பெயர் அழியாமல் இருக்க, சொத்துள்ள தாய்மாமனைக் குளிர்விக்க, ஞானஸ்நானத்தில் கைபிடித்த ஞானத் தகப்பனுக்கு மரியாதை செய்ய என்று காரணங்கள் பல. தாய்வழித் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற நமக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. குடும்பத்துக்கே உரிய பெயர் என்பதால் ஆரம்பத்தில் இது பையன்களின் தலையில்தான் விழுந்தது. ஷெர்லியும் அப்படித்தான், அபூர்வமாக, பையன்களுக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனின் ‘பஞ்ச்’ நகைச்சுவை இதழை நடத்திய ஷெர்லி புரூக்ஸ் ஓர் உதாரணம்.

பிறகு 1849. சார்லட் பிரான்டி ‘ஷெர்லி’ என்ற பெயரிலேயே ஒரு நாவல் எழுதினார். 1811, 1812 வாக்கில் யார்க்ஷயர் நெசவாலைகளில் இயந்திரங்களை உடைத்த கலகக் காலம் அதன் பின்னணி. கதாநாயகி ஷெர்லி கீல்டார் வாரிசாக நிலமும் ஆலையும் கைக்கு வந்த இளம்பெண். பெற்றோர் ஆண் குழந்தையை எதிர்பார்த்திருந்தார்கள், பெண் பிறந்தது, பையனுக்கு வைக்க இருந்த குடும்பப் பெயரையே அவளுக்கு வைத்துவிட்டார்கள் என்று நாவலே விளக்கம் சொல்கிறது. அந்தக் காலத்து வாசகருக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது என்பதே முக்கியமான சாட்சி. ஷெர்லி என்று ஒரு பெண்ணா என்று புருவம் தூக்குவார்கள் என்று எழுதியவருக்குத் தெரியும். அந்தப் பெண்ணும் தன் ஆண்பெயரை வைத்து விளையாடிக்கொண்டே இருப்பாள், தன்னை எஸ்குவயர், அதாவது நிலமுள்ள ஆண்களுக்குச் சேர்க்கும் மரியாதைப் பட்டம், என்று அழைக்க வேண்டும், ஆம்பிளைப் பெயரும் ஆம்பிளை அந்தஸ்தும் எனக்கு இருக்கிறதே என்பாள். இதில் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. சார்லட் அப்போது தன் பெயரில் எழுதவில்லை, ‘கரர் பெல்’ என்ற புனைபெயரில் எழுதினார். ஆணா பெண்ணா என்று பிடிபடக்கூடாது என்று தேர்ந்தெடுத்த பெயர், அதுவும் கேட்டால் குடும்பப் பெயர் மாதிரியே இருக்கும். ஆண் சாயல் உள்ள பெயருக்குள் ஒளிந்துகொண்ட ஒரு பெண், ஆண் பெயர் கொண்ட ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். அந்த நாவலை எழுதி முடிப்பதற்குள் தம்பி பிரான்வெல், தங்கைகள் எமிலி, ஆன் மூவரையும் எட்டே மாதத்தில் இழந்தார் என்பதையும் நினைத்துக்கொண்டு படித்தால் ஷெர்லியின் அந்தத் துடுக்குத்தனம் வேறு மாதிரி கேட்கும். எமிலியை மனதில் வைத்தே ஷெர்லியைப் படைத்தார் என்று சார்லட்டின் வாழ்க்கையை எழுதிய எலிசபெத் கேஸ்கெல் பதிவு செய்திருக்கிறார்.

நாவல் வந்த மறுநாளே எல்லாரும் மகளுக்கு ஷெர்லி என்று வைத்துவிட்டதாகச் சில இடங்களில் எழுதியிருப்பார்கள். அது மிகை. நாவல் கதவைத் திறந்தது, கூட்டம் உள்ளே வர ஐம்பது அறுபது வருடம் ஆயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான், முக்கியமாக அமெரிக்காவில், பெண் ஷெர்லிகள் கணிசமாகப் பெருகினார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண்மணி ஷெர்லி சிஷோம் 1924இல் பிறந்தவர். 1928இல் கலிபோர்னியாவில் ஒரு வங்கி ஊழியர் வீட்டில் பிறந்த பெண்ணுக்கும் அந்தப் பெயர்தான். அவள்தான் ஷெர்லி டெம்பிள். ஆறு வயதில் உலகமே கொண்டாடிய சுருட்டைமுடிக் குழந்தை நட்சத்திரம். 1934இல் அவள் படங்கள் வரிசையாக ஓடின, அவள் உருவத்தில் பொம்மைகள் விற்றன, 1935, 1936 இரண்டு வருடமும் அமெரிக்காவில் பெண் குழந்தைகளுக்கு வைத்த பெயர்களில் மேரிக்கு அடுத்த இடம் ஷெர்லிக்கு. டெம்பிளால்தான் ஷெர்லி பெண்பெயர் ஆயிற்று என்பதும் தவறு. அவளுக்கே ஏன் அந்தப் பெயரை வைத்தார்கள் என்று யோசித்தால் போதும், பெயர் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தது, அவள் அதை உச்சிக்குத் தள்ளினாள். தள்ளிய வேகத்தில் இன்னொன்றும் நடந்தது. அதற்குப் பிறகு ஒரு பையனுக்கு ஷெர்லி என்று வைக்க ஆங்கிலேயனும் அமெரிக்கனும் துணியவில்லை.

ஏற்கெனவே வைக்கப்பட்டவர்கள் பாடுதான் திண்டாட்டம். ஷெர்லி போவிச் என்பவர் ‘வாஷிங்டன் போஸ்ட்’ பத்திரிகையின் புகழ்பெற்ற விளையாட்டுப் பத்தி எழுத்தாளர், 1905இல் பிறந்த ஆண். ‘அமெரிக்கப் பெண்மணிகள் யார் எவர்’ என்ற பிரமுகர் அகராதியில் அவரையும் சேர்த்து அச்சடித்துவிட்டார்கள், அவரும் அதை ரசித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். யார்க்ஷயரில் ஹாலிஃபாக்ஸ் நகரத்தில் 1930இல் பிறந்த ஷெர்லி கிராப்ட்ரீக்கு அந்தப் பெயர் அப்பாவிடமிருந்து வந்தது, அப்பாவும் ஷெர்லி. மகன் வளர்ந்து மலை மாதிரி ஆகி, ‘பிக் டாடி’ என்ற பெயரில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் சனிக்கிழமை தோறும் மல்யுத்தம் செய்தார். உங்களை யாராவது ஷெர்லி மென்மையான பெயர் என்று சொன்னால் அவருடைய படத்தைத் தேடிக் காட்டுங்கள்.

ஆணிடமிருந்து பெண்ணுக்குப் போன ஆங்கிலப் பெயர்கள் திரும்பி வருவது அரிது. ஆஷ்லி, கோர்ட்னி, லிண்ட்சே, டிரேசி, ஈவ்லின் எல்லாம் இந்த ஒருவழிப் பாதையில் போனவை. ஈவ்லின் வா என்ற ஆங்கில நாவலாசிரியர் ஆண், 1928இல் அவர் கட்டிக்கொண்ட பெண்ணின் பெயரும் ஈவ்லின், நண்பர்கள் ‘அவன் ஈவ்லின்’, ‘அவள் ஈவ்லின்’ என்று பிரித்துக் கூப்பிட வேண்டியதாயிற்று. ஏன் ஒருவழி என்று கேட்டால் என் அபிப்பிராயம் எளிது. மகளுக்குப் பையன் பெயர் வைத்தால் கொஞ்சம் மிடுக்கு என்று எடுத்துக்கொள்ளும் சமூகம், மகனுக்குப் பெண் பெயர் என்று தோன்றிவிட்டால் அதை இறக்கமாக எடுத்துக்கொள்ளும். பெயரில் குறை ஏதும் கிடையாது, அதை எடுத்துக்கொள்கிறவர்களிடம் இருக்கிறது.

இப்போது கொழும்பு. அந்தப் பெரியவர் சொன்னதற்கு ஆதாரம் வெகு தூரத்தில் இல்லை. ஹாமில்டன் ஷெர்லி அமரசிங்க, 1913இல் பிறந்தவர், இலங்கையின் சார்பில் பல வருடம் ஐ.நா.வில் இருந்தவர், 1976இல் ஐ.நா. பொதுச்சபைக்கே தலைவர். கடல் யாருக்கு எவ்வளவு தூரம் சொந்தம் என்று உலக நாடுகள் உட்கார்ந்து பேசிய கடற்சட்ட மாநாட்டுக்கும் 1973 முதல் 1980இல் இறக்கும்வரை தலைமை தாங்கியவர். உலகம் அவரை ஷெர்லி அமரசிங்க என்றுதான் அறிந்தது. அவர் பெயரைப் பாருங்கள், ஹாமில்டனும் ஊர்ப்பெயராக இருந்து குடும்பப் பெயரானது, ஷெர்லியும் அப்படியே, இரண்டையும் முன்னால் வைத்துப் பின்னால் சிங்களக் குடும்பப் பெயர். அந்தத் தலைமுறையில் இலங்கையின் ஆங்கிலம் படித்த குடும்பங்கள் ஆங்கிலேயப் பிரபுக் குடும்பப் பெயர்களைப் பையன்களுக்கு வைப்பது சகஜம், கிறிஸ்தவர்கள் மட்டும் என்றும் இல்லை. பிரதமராக இருந்த டட்லி ஷெல்டன் சேனநாயக்க 1911இல் பிறந்தவர், பௌத்தர். டட்லியும் ஷெல்டனும் இங்கிலாந்தின் ஊர்கள்தான், டட்லியைத்தான் சற்று முன்பு கில்ஃபர்டின் குடும்பப் பெயராகப் பார்த்தோம். ஷெர்லி ஆண்பெயராக இருந்த காலத்தில் அதை எடுத்துக்கொண்ட இலங்கை, இங்கிலாந்தில் அது பெண்பெயராக மாறிய பிறகும் பழைய வழக்கத்தைக் கைவிடவில்லை. சிங்களவர்களில் ஆண் ஷெர்லிகள் பிறகும் வந்தார்கள். வீட்டை விட்டுப் போன சொல் போன இடத்தில் பழைய உருவத்திலேயே இருப்பது மொழி வரலாற்றில் அடிக்கடி பார்க்கிற சங்கதி.

தமிழ்நாட்டுக்கு வந்தது அடுத்த கட்டத்து ஷெர்லி, அதனால்தான் நம்மிடம் அவள் எப்போதும் பெண். வகுப்பில் நான் விசாரித்தவரை பெரும்பாலான ஷெர்லிகளின் அம்மாக்கள் நாவலையும் படித்ததில்லை, டெம்பிளையும் பார்த்ததில்லை. தனக்குப் பிடித்த டீச்சர், பிரசவம் பார்த்த நர்ஸ், கான்வென்ட்டில் கூடப் படித்தவள் என்று யாரோ ஒரு ஷெர்லியின் பெயரை வைத்திருப்பார்கள். அதே நேரம் நம் ஆண்களிடம் ஸ்டான்லியும் வெஸ்லியும் ஆண்பெயராகவே நின்றுவிட்டன. வெஸ்லிக்குக் காரணம் பக்தி, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. ஸ்டான்லிக்கு 1929 முதல் 1934 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்டான்லியும் ஒரு துணை, அவர் பெயரில்தான் சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனை, மேட்டூரில் ஸ்டான்லி நீர்த்தேக்கம். கல் நிறைந்த ஒரு காட்டு வெளி, காவிரியைத் தேக்கி வைத்திருக்கிற ஒரு கடல் மாதிரி நீர்ப்பரப்புக்குப் பெயராக வந்து உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள்.

கடைசியாக எபிரேயம். அக்கா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எபிரேயத்தில் ‘ஷீர்’ என்றால் பாட்டு, ‘லி’ என்றால் எனக்கு. நம் வேதாகமத்தில் உன்னதப்பாட்டு என்கிற புத்தகத்துக்கு எபிரேயப் பெயர் ‘ஷீர் ஹஷ்ஷிரீம்’. இஸ்ரேலில் ஷிர்லி என்று பெண்களுக்குப் பெயர் வைக்கிறார்கள், கேட்டால் ‘என் பாட்டு’ என்றுதான் பொருள் சொல்வார்கள். ஆனால் வேதாகமத்தில் அந்தப் பெயரில் யாரும் இல்லை, ஆங்கில ஷெர்லிக்கு அது மூலமும் இல்லை. இரண்டு மொழிகளில் தற்செயலாக ஒலி ஒத்துப்போனது, அவ்வளவே. 1920களில் அமெரிக்க யூதக் குடும்பங்களில் ஷெர்லி மிகவும் பிரியமான பெயராக இருந்தது, ஆங்கிலப் பெயருக்கு எபிரேயப் பொருள் ஒட்டிக்கொள்ள அந்த மாதிரிச் சூழல் வசதிதான். நம்மூர்ப் பழனி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘பழம் நீ’ என்று சிவன் முருகனிடம் சொன்னதால் பழனி என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. வயலைக் குறிக்கும் பழனம் என்ற சொல்லோடு அதைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு, சங்கப் பாட்டில் வரும் பொதினிதான் பழனி என்பவர்களும் உண்டு. அதற்காக மலையேறுகிறவரிடம் போய் ‘பழம் நீ’ தப்பு என்று யாரும் வாதாட மாட்டோம். அக்காவிடமும் வாதாட வேண்டாம். “பேர் எங்கேயிருந்து வந்தது” என்று மகள் பள்ளிக்கூடத்தில் எழுத வேண்டி வந்தால் மட்டும் எபிரேயம் என்று எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னச் செய்தி, உங்களுக்குப் பிடிக்கும் என்று. ஷெர்லி பாப்பி என்று ஒரு பூ இருக்கிறது, கசகசாச் செடியின் இனம், மெல்லிய பட்டுத்துணி மாதிரி இதழ்கள். எந்தப் பெண்ணின் பெயரும் அல்ல அது, ஊர்ப் பெயர். குராய்டன் ஷெர்லியில் பாதிரியாராக இருந்த வில்லியம் வில்க்ஸ் 1880 வாக்கில் சிவப்புக் காட்டுப் பாப்பிகளுக்கு நடுவே ஓரத்தில் மட்டும் வெள்ளைக் கரையிட்ட ஒரு பூவைக் கண்டார், அதன் விதையை எடுத்து வருடக்கணக்காகப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்து உண்டாக்கிய வகை.

மகளுக்குத் தாராளமாக வையுங்கள். இரண்டாவது பெயர் என்றால் தமிழ்நாட்டில் நடைமுறைத் தொந்தரவு ஒன்றுதான், எழுத்துக்கூட்டு. ஆங்கிலத்தில் அந்த முதல் உயிரொலிக்குத் தமிழில் சரியான எழுத்தே இல்லை, அதனால்தான் நாம் ஷெர்லி, ஷிர்லி என்கிறோம், இலங்கையில் ஷேர்லி என்கிறார்கள், மூன்றும் ஒரே பெயரைத் துரத்திக்கொண்டு போகிற மூன்று முயற்சிகள். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பிறப்புச் சான்றிதழில் தமிழிலும் ஆங்கிலத்திலும் நீங்களே கண் வைத்துச் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அந்த நார்மன் எழுத்தரின் வாரிசுகள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள்.